கவசம் என்ற சொல்லின் கதை: வெள்ளிக் கவச உபயம் பற்றிக் கேட்டவர்களுக்காக

ஓம் சரவணபவ. 

முருகனுக்கு வெள்ளிக் கவசம் செய்யும் உபயம் பற்றி நம்ம ஆலய வாட்சாப் குழுவில் போன மாதம் ஓடிய பேச்சை நிறைய பேர் படிச்சிருப்பீங்க. ஒரு தம்பி கேட்டார், "சாமிக்கு எதுக்குக் கவசம்? அவருக்கு யாரைப் பார்த்துப் பயம்?" நல்ல கேள்வி. கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை. இன்னொருத்தர், "கவசம்ங்கிறது தமிழே இல்லை, வடசொல். அங்கின்னு போடுங்க" என்று எழுதினார். (அங்கியும் வடசொல்தான், அதை அப்புறம் யாரோ சொல்லிட்டாங்க.) மூன்றாவதா ஒரு அம்மா குழுவில் எழுதல, நேர்ல வந்து எங்ககிட்ட கேட்டாங்க. அவங்க கேட்டதைக் கொஞ்சம் பின்னால சொல்றோம்.

பதில் தேடி நாங்க தொண்டர்கள் நாலைந்து பேர் புத்தகம் புரட்டினோம். குருக்களிடம் கேட்டோம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவை நல்லா தொந்தரவு செய்தோம். கிடைத்ததை எல்லாம் இங்கே போடுறோம். பதிவு நீளம்தான். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்குப் படிங்க.

முதலில் தமிழா இல்லையா என்ற பேச்சு. அகராதிகள் கவசத்தை வடமொழிச் சொல் என்றுதான் காட்டுகின்றன. ஆசிரியர் ஐயா மட்டும் "கவி என்றால் மூடு என்று தமிழில் பொருள் இருக்கே, கவிந்து நிற்பதுதானே கவசம்" என்று ஒரு பக்கம் இழுத்தார். இழுக்கட்டும். எங்களுக்கு முக்கியமாகத் தெரிந்தது வேற. இந்தச் சொல் நேற்று ஐயர் கொண்டு வந்த சொல் இல்லை. சங்க இலக்கியத்திலேயே இருக்கு. புறநானூறு, 13ஆம் பாட்டு. பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்.

அந்தப் பாட்டின் கதை கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும். சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஏறி வந்த யானைக்கு மதம் பிடித்து, அது அவனைத் தூக்கிக்கொண்டு நேரா சேர நாட்டுக் கருவூருக்குள் புகுந்துவிட்டது. மாடத்தில் சேர மன்னன் அந்துவஞ்சேரல் இரும்பொறை நிற்கிறான். பக்கத்தில் புலவர். யார் இவன் என்று சேரன் கேட்க, புலவர் பதில் சொல்கிறார். வந்தவன் மார்பில் புலித்தோல் கவசம். அந்தக் கவசம் முழுசா இல்லை, எதிரிகளின் அம்பு பட்டுக் கிழிந்திருக்கிறது. எதிரியின் ஊருக்குள் தனியா மாட்டிக்கொண்டவன். சேரன் ஒரு கையசைத்தால் போதும், கதை முடிந்தது. ஆனால் புலவர் என்ன சொல்கிறார் தெரியுமா? இவன் ஒரு தீங்கும் இல்லாமல் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகட்டும் என்று வாழ்த்துகிறார். தோலில் செய்த கவசம் கிழிந்து கிடக்கிற நேரத்தில் ஒரு புலவரின் வாய்ச்சொல் கவசமாக நிற்கிறது. நாங்க இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

சரி, கவசம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே நம்ம சொந்தச் சொற்களும் இருந்திருக்கு. மெய்ம்மறை என்று ஒன்று. மெய் என்றால் உடம்பு, உடம்பை மறைப்பது மெய்ம்மறை. எவ்வளவு நேரான சொல் பாருங்க. பதிற்றுப்பத்தில் சேர மன்னர்களையே வீரர்களுக்கு மெய்ம்மறை என்று பாடியிருக்கிறார்கள். அதாவது, ராஜா கவசம் போட்டிருக்கிறார் என்று இல்லை, ராஜாதான் கவசம். முன்னால நின்று அடி வாங்குகிறவன் அவன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, தம்பி கேட்ட கேள்விக்கு இது பின்னால உதவும்.

அரணம் என்று இன்னொரு சொல். அரண் என்றால் கோட்டை, திருக்குறளில் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கு. அறிவுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலும் வள்ளுவர் அறிவைத்தான் பகைவர் அழிக்க முடியாத அரண் என்கிறார். இந்த அரணம் கவசத்துக்கும் பெயர், செருப்புக்கும் பெயர்! பெரும்பாணாற்றுப்படையில் காட்டு வழியே போகும் வணிகர்கள் காலை மூடும் அரணம் போட்டுக்கொண்டு போகிறார்கள். தொழிற்சாலையில் தினமும் "சேப்டி ஷூ போட்டியா?" என்று கத்தி கத்தித் தொண்டை போன எங்களுக்கு இது பெரிய சந்தோஷம். அதற்கு சங்க காலத்திலேயே ஒரு தமிழ்ப் பெயர் இருந்திருக்கு. தோல் என்றால் கேடயம் என்றும் பொருள், கிடுகு என்றாலும் கேடயம். இன்னும் சாலிகை, கஞ்சுகம் எல்லாம் உண்டு. கஞ்சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, அது கடைசியில் வரும்.

இனி வடமொழிப் பக்கம். அங்கே கவசத்துக்கு இன்னொரு பழைய பெயர் வர்மம், வர்மன். இந்தச் சொல்தான் எங்களை நம்ம நாட்டு வரலாற்றுக்குள்ளேயே கொண்டு போய்விட்டது.

மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று பல்லவ ராஜாக்களைப் பள்ளியில் படித்திருப்போம். அந்த வர்மன் என்றால் கவசம். பழைய சாத்திர முறையில் பிராமணர் பெயருக்குப் பின்னால் சர்மா, க்ஷத்திரியர் பெயருக்குப் பின்னால் வர்மா. காப்பது அவர்கள் வேலை என்பதால் கவசம் என்று பட்டம். சோழர் கல்வெட்டுகளில் கோப்பரகேசரி பன்மர், கோவிராசகேசரி பன்மர் என்று வருமே, அந்தப் பன்மரும் இதே வர்மன்தான். தமிழ் நாக்கில் புரண்டு அப்படி ஆயிருக்கு.

கடல் தாண்டி இந்தப் பக்கம் பாருங்க. போர்னியோவில் கூத்தாய் என்ற இடத்தில் கிடைத்த யூபக் கல்வெட்டுகள், ஏறக்குறைய கி.பி. 400 ஆண்டு காலத்தவை, பல்லவ எழுத்து வகையில் வெட்டியவை. அதில் மூன்று தலைமுறை வருகிறது. தாத்தா பெயர் குண்டுங்கன். மகன் அஸ்வவர்மன். பேரன் மூலவர்மன். தாத்தாவுக்கு உள்ளூர்ப் பெயர், மகனிலிருந்து வர்மன். ஒரு குடும்பம் எந்தத் தலைமுறையில் கவசப் பெயரைப் போட்டுக்கொண்டது என்று கல்லிலேயே தெரிகிறது. ஜாவாவில் பூர்ணவர்மன். கம்போடியாவில் அங்கோர் வாட் கட்டிய இரண்டாம் சூரியவர்மன். எல்லாரும் கவசக்காரர்கள்.

நம்ம கடாரத்துக்கு வருவோம், அதாவது கெடா. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். கொடுத்த கணக்கு பெரிய செப்பேடுகளில் இருக்கு. அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வாங்கிவிட்டன. கடாரத்து ராஜா புத்த விகாரம் கட்ட, சிவபக்தனான சோழ ராஜா நிலம் கொடுக்கிறான். அப்போ நல்ல உறவு. அடுத்த தலைமுறையில் எல்லாம் மாறிப்போச்சு. 1025ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல்களை அனுப்பிக் கடாரத்தை அடித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தி, பிடிபட்ட கடாரத்து அரசனின் பெயரைச் சொல்கிறது: சங்கிராம விசயோத்துங்க வர்மன். சங்கிராமம் என்றால் போர், விசயம் என்றால் வெற்றி, வர்மன் என்றால் கவசம். போரும் வெற்றியும் கவசமும் பெயரிலேயே இருந்தும் பிடிபட்டுவிட்டார் பாவம். புறநானூற்றில் பார்த்தது போலவே இங்கேயும் கிழிந்த கவசம்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். வர்மக் கலை, வர்ம அடி என்கிறோமே, அதுவும் கவசமா? இல்லை. அது மர்மம் என்ற சொல்லிலிருந்து வந்தது. உயிர் நிலைகள் மறைந்திருக்கும் இடம் மர்மம். சத்தம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று சிலர் சொல்றாங்க, சொற்கள் வேறு. ஆனால் ஒன்று உண்மை, அந்த வர்மத்தை மறைக்கத்தானே இந்த வர்மம்.

மலாய் மொழியில் கேடயத்துக்குப் பெரிசாய் என்று பெயர். பிள்ளைகளுக்கு இது பள்ளியில் வரும். அது நம்ம தமிழ்ச் சொல் பரிசையிலிருந்து போனது. பரிசை என்றால் கேடயம். நாம மறந்துட்டோம், மலாய் வைத்திருக்கிறது. பாஜு சிராஹ் என்கிற சங்கிலிச் சட்டைக்கு வந்த சொல் பாரசீகம். நம்ம நாட்டு ராணுவத்தின் கவச வண்டிப் படைக்குப் பெயர் கோர் ஆர்மோர் டிராஜா, அது ஆங்கிலத்திலிருந்து வந்தது.

அந்த ஆர்மர் என்ற ஆங்கிலச் சொல்லின் வழியையும் பார்த்தோம். லத்தீனில் ஆர்மா என்றால் ஆயுதம், கருவி. அதற்கும் வேர், ஒன்றோடு ஒன்று பொருத்துவது என்ற பொருளில் வரும் ஒரு சின்ன அசை. துண்டு துண்டாகச் செய்து உடம்புக்குப் பொருத்துவதால் ஆர்மர். ஆயுதத்தை எடு என்று இத்தாலியில் போட்ட கூச்சல்தான் அலாரம். காலையில் அடிக்கிறதே, அதே அலாரம். ஆயுதம் வைக்கும் பெட்டிக்கு லத்தீனில் ஆர்மாரியம். அது போர்த்துகீசிய மொழியில் அர்மாரியோ ஆகி, அந்தப் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு அலமாரியாகவும் மலாய்க்கு அல்மாரியாகவும் வந்து சேர்ந்தது. அவர்கள் 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள், நமக்கு ஜன்னலும் சாவியும் கொடுத்துவிட்டுப் போனவர்களும் அவர்களே. ஆகவே நாளைக்கு நம்ம வெள்ளிக் கவசத்தைச் செய்து அலமாரியில் வைத்துப் பூட்டினால், சொல்லின் கணக்குப்படி ஆர்மரை ஆர்மரின் வீட்டிலேயே வைக்கிறோம்.

இவ்வளவும் உடம்புக்குப் போடும் கவசம். வாயால் ஓதும் கவசம் எப்போ வந்தது? நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கவசம் என்றாலே சஷ்டி கவசம்தானே ஞாபகம் வரும்.

ரிக் வேதத்தில் ஆறாம் மண்டலத்தில் 75ஆம் சூக்தம் போர்க் கருவிகள் மேல் பாடியது. வில், நாண், அம்பறாத்தூணி, தேர் என்று ஒவ்வொன்றாய் வாழ்த்துகிறது. தொடங்குவது கவசத்தில். முடிவது எதில் என்றால், மந்திரமே எனக்கு உள்ளே இருக்கும் கவசம் என்பதில். அப்பவே ஒருவர் இரும்பையும் தோலையும் பார்த்துவிட்டு, இதற்கும் உள்ளே ஒன்று வேணும் என்று நினைத்திருக்கிறார்.

குருக்கள் பூசைக்கு உட்கார்ந்ததும் நெஞ்சு, தலை, குடுமி என்று தொட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையையும் குறுக்கே மாற்றித் தோளைத் தொடுவாரே, பார்த்திருக்கீங்களா? அதுதான் கவசம். ஆகமப்படி ஹ்ருதயம், சிரசு, சிகை, கவசம், நேத்திரம், அஸ்திரம் என்று ஆறு அங்க மந்திரங்கள். இவை முதலில் இறைவனுடைய அங்கங்கள். பூசை செய்கிறவர் அவற்றைத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறார். குருக்கள் இதை விளக்கிச் சொன்னபோதுதான் தம்பியின் கேள்விக்கு எங்களுக்கு வழி கிடைத்தது. சாமியைக் காப்பாற்ற வெளியிலிருந்து நாம் போடுவது இல்லை கவசம். கண் மாதிரி, தலை மாதிரி, கவசமும் அவருடைய ஓர் அங்கம். காக்கும் சக்தி அவருக்குள் இருப்பது. அதை வெள்ளியில் செய்து நம்ம கண்ணுக்குக் காட்டுகிறோம், அவ்வளவுதான். சேர ராஜா மெய்ம்மறையாக நின்றது மாதிரி.

புராணங்களிலும் கவசங்கள் உண்டு. பாகவதத்தில் நாராயண கவசம். குருவை அவமதித்துவிட்டுக் குரு இல்லாமல் நின்ற இந்திரனுக்கு விஸ்வரூபர் அதைச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு இந்திரன் அசுரர்களை ஜெயித்தான். பிறகு அதே இந்திரன் அதே விஸ்வரூபரின் தலையை வெட்டினான். கவசம் கட்டியவன் கையில் கவசம் கொடுத்தவர் செத்தார். புராணம் எதையும் மறைக்கல, அப்படியே சொல்லுது. தேவி கவசம், சிவ கவசம் என்று இன்னும் இருக்கு. வடநாட்டில் கவச் என்றால் கழுத்தில் கட்டும் தாயத்தையும் சொல்வார்கள். சித்த வைத்தியத்திலும் கவசம் உண்டு. மருந்துச் சரக்கைச் சுற்றி அரைத்த மூலிகையை அப்பி, புடம் போடும் முன் மூடுவதைக் கவசித்தல் என்பார்கள். நெருப்புக்குள் போகிறதே, அதனால்.

தமிழில் நமக்கு நெருக்கமான இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. கந்த சஷ்டி கவசம் தேவராய சுவாமிகள் பாடியது. ஆறு படைவீட்டுக்கும் அவர் கவசம் பாடியிருக்கிறார், சூலமங்கலம் சகோதரிகள் குரலில் உலகம் முழுக்கப் பரவியது ஒன்றுதான். அதைச் சும்மா ராகத்துக்காகக் கேட்காமல், ஒரு தடவை அதில் வரும் பயங்களை மட்டும் எண்ணிப் பாருங்க. பேய் பிசாசு, பில்லி சூனியம், புலி, கரடி, பாம்பு, தேள், வலிப்பு, சிரங்கு. ஆஸ்பத்திரி கிட்டத்தில் இல்லாத ஒரு கிராமத்து மனுஷன் ராத்திரி படுக்கும்போது எதற்கெல்லாம் பயப்படுவானோ அத்தனையும் அதில் இருக்கு. அதே பயங்கள் கப்பல் ஏறி இங்கே வந்தன. ரப்பர் தோட்டக் காட்டை அழித்த காலத்தில் மலேரியாவில் நம்ம ஆட்கள் ஏராளமானோர் செத்தது வரலாற்றில் பதிவான விஷயம். இருட்டில் பால் மரம் வெட்டப் போனவர்களுக்குப் பாம்பும் புலியும் பாட்டில் வருகிற சங்கதி இல்லை, பாதையில் வருகிற சங்கதி. அவர்கள் ஏன் இந்தக் கவசத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்களுக்கு இப்போதான் சரியா புரிந்தது.

இங்கேதான் அந்த அம்மா கேட்டதைச் சொல்லணும். அவங்க யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் பெயர் போடாதீங்க.

அவங்க மகன் ராத்திரி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது விபத்தில் போய்விட்டான். தலைக்கவசம் போட்டிருந்தான். அவங்க இருபது வருஷத்துக்கு மேல காலை மாலை சஷ்டி கவசம் படித்தவங்க. இரண்டு கவசமும் இருந்தது. காரியம் எல்லாம் முடிந்து ஆலயத்துக்கு வந்து எங்ககிட்ட கேட்டாங்க. "கவசம்னா காக்கிறதுதானே தம்பி? ஏன் காக்கல?" அதற்கு அப்புறம் அவங்க கவசம் படிக்கல.

கர்ம வினை என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புகிற ஆட்கள் இருக்காங்க. எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இந்தப் பதிவில் பாதி, அந்த அம்மாவுக்காகத் தேடினதுதான். தேடினதில் கிடைத்தது இரண்டு பேர்.

ஒருவர் கர்ணன். 1964இல் வந்த சிவாஜி படத்தால் அந்தக் கதை தெரியாத வீடு நம்ம நாட்டில் இல்லை. பிறக்கும்போதே உடம்போடு ஒட்டிய கவசம், காதில் குண்டலம். சூரியன் கொடுத்தது. அது இருக்கும் வரை அவனைக் கொல்ல முடியாது. இந்திரன் பிராமண வேடத்தில் வந்து கேட்கிறான். வந்திருப்பது யார், எதற்கு என்று சூரியன் முன்கூட்டியே சொல்லி எச்சரித்தும், கர்ணன் தன் சதையோடு சேர்த்து அறுத்துக் கொடுக்கிறான். அப்படி அறுத்ததால் வைகர்த்தனன் என்று பெயரே வந்தது. உலகத்திலேயே பலமான கவசம் என்று சொல்லத்தக்கது அது. அம்பு அதைத் துளைத்ததாகக் கதை இல்லை, அவன் கழற்றிக் கொடுத்ததாகத்தான் கதை. அதனால்தான் அவனை இன்றைக்கும் பேசுகிறோம்.

இன்னொருவர் பாம்பன் சுவாமிகள். 1891இல் சண்முக கவசம் பாடியவர். முப்பது பாட்டு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய் என்று நம்ம அரிச்சுவடி வரிசையிலேயே ஒவ்வொரு பாட்டும் தொடங்கும், அதனால் மனப்பாடம் செய்வது சுலபம். கவசம் பாடிய அந்த மகானுக்கே என்ன ஆனது? 1923இல் சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி, சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்தது. எழுபது தாண்டிய வயசு. அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடியார்கள் சண்முக கவசம் ஓதினார்கள், டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள், கால் கூடியது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மயில்கள் ஆடும் காட்சி கண்டார் என்பதை இன்றும் மயூர வாகன சேவனம் என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள். 1929 வரை இருந்தார்.

கால் குணமானதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நாங்க கவனித்தது, முதலில் கால் முறிந்ததை. கவசம் எழுதிய கைக்குச் சொந்தக்காரரே வண்டிச் சக்கரத்தில் விழுந்திருக்கிறார். அதற்காக அவர் பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கவசம் ஓதியதால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னோம். கிழிந்த கவசத்தோடு எதிரி ஊரில் நின்ற சோழன் கதையையும் சொன்னோம். அமைதியா கேட்டாங்க. "அவருக்குக் கால் கூடுச்சு" என்று மட்டும் சொன்னாங்க. அதற்கு எங்களிடம் பதில் இல்லை, இப்பவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பாராயணத்துக்கு வர்றாங்க. புத்தகம் வாங்கிக்கொள்வதில்லை. பின் வரிசையில் தூண் பக்கம் உட்கார்ந்து கேட்கிறாங்க. யாரும் போய் "படிங்கம்மா" என்று வற்புறுத்த வேண்டாம், இது எங்கள் வேண்டுகோள்.

இனி வெள்ளி விஷயம். நம்ம ஆட்கள் ரிங்கிட்டையும் வெள்ளி என்பதால் "எத்தனை வெள்ளிக்கு வெள்ளி?" என்று ஒருவர் கேட்டுக் குழப்பினார். கணக்கை நிர்வாகம் தனியாக அறிவிக்கும், நாங்க அதில் தலையிடல. செய்முறை மட்டும் சொல்றோம், ஏனென்றால் பலர் இதை அச்சில் ஊற்றுவது என்று நினைக்கிறாங்க. கல் திருமேனியை அளவெடுத்து, செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி அந்த வடிவத்துக்குக் கொண்டு வந்து, மேலே வெள்ளித் தகடு போர்த்துவார்கள். சுத்த வெள்ளி ரொம்ப மென்மை, தனியா நிற்காது. முகம், மார்பு, கை, பாதம் என்று தனித்தனித் துண்டு, சேர்க்கும் இடத்தில் ஆணி. பொருத்துவது என்று அந்த லத்தீன் சொல்லுக்கு அர்த்தம் சொன்னோமே, அதேதான். நம்ம காற்றில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். விபூதி போட்டு மென்துணியால் தேய்த்து எடுக்க ஆள் வேண்டும். செய்து கொடுக்க உபயக்காரர் கிடைப்பார், தேய்க்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று இப்பவே சொல்லி வைக்கிறோம்.

எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கவசத்தைத் தினமும் சாத்தக் கூடாது. ஒன்று, அபிஷேக ஈரம் நல்லா காயாமல் மூடினால் கல்லுக்கும் நல்லதில்லை, வெள்ளிக்கும் நல்லதில்லை. இன்னொன்று கொஞ்சம் ஆழமான காரணம்.

கஞ்சுகம் என்று முன்னால சொன்னோமே, அதற்குச் சட்டை என்றும் பொருள், கவசம் என்றும் பொருள், பாம்பு உரித்துப் போடும் தோல் என்றும் பொருள். நம்ம சைவ சித்தாந்தத்தில் ஆன்மா போட்டிருக்கும் ஐந்து சட்டைக்குப் பஞ்ச கஞ்சுகம் என்று பெயர். காலம், நியதி, கலை, வித்தை, அராகம். உலகத்தில் வாழ அந்தச் சட்டை வேண்டும், அது இல்லாமல் உயிரால் எதையும் அறியவும் முடியாது, செய்யவும் முடியாது. ஆனால் அதையே தன் உடம்பு என்று நினைத்தால் கட்டு. ஒரே சொல் காப்பதற்கும் வருது, கட்டுவதற்கும் வருது.

சென்னைப் பக்கம் திருவொற்றியூர் போனவர்களுக்குத் தெரியும். அங்கே ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் இல்லாத தரிசனம், அப்போது புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாளுக்குக் கூட்டம் தாங்காது. நம்ம ஊரில் அது தலைகீழாக இருக்கட்டும் என்கிறோம். கல் முகத்தோடு இருக்கும் முருகனை நம்ம பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும். வெள்ளிக் கவசம் கந்த சஷ்டி ஆறு நாள், தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் என்று வைத்துக்கொள்ளலாம். நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் அவர்களும் எழுத்தில் கொடுங்க, குழுவில் சண்டை வேண்டாம்.

அப்புறம் ஒரு வேலை நாங்களே எடுத்துக்கொண்டோம். நம்ம பிள்ளைகளில் பாதிப் பேர் சஷ்டி கவசத்தை ரூமி எழுத்தில் பார்த்துத்தான் படிக்கிறாங்க. குரல் நல்லா இருக்கு, அர்த்தம் தெரியல. தலை முதல் கால் வரை எத்தனை உறுப்பு வருது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேல். வதனம் என்றால் முகம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பழு என்று ஒரு சொல் வரும், போன வாரம் பாராயணத்தில் பதினேழு பிள்ளைகளைக் கேட்டோம், ஒருவருக்கும் தெரியல, இரண்டு பேர் பழம் என்றார்கள். பழு என்றால் விலா எலும்பு. நெஞ்சுக்கூட்டை மூடும் எலும்பு, ஆண்டவன் நமக்குள்ளேயே வைத்துத் தைத்த கவசம்.

இப்படி உறுப்புப் பெயர், நோய்ப் பெயர் எல்லாவற்றுக்கும் எளிய தமிழில் பொருள் எழுதி ஒரே தாளில் அச்சடிக்கிறோம். ஆசிரியர் ஐயா திருத்திக் கொடுத்துவிட்டார். கந்த சஷ்டி முதல் நாள் அன்று முன் மண்டபத்தில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் கிடைக்கும். இலவசம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள் எடுங்க. முப்பத்தாறு முறை ஓத நினைப்பவர்கள் காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்க, கதவு திறந்திருக்கும், காப்பி இருக்கும்.

முருகா சரணம்.